மூன்றாவது ஆளின் எடை

மீன்குழம்பு கொதிக்கத் தொடங்கிய நேரத்தில் அப்பா கீழிருந்து போன் செய்தார்.

"ரோஷி, அடுப்ப அணைச்சிட்டுக் கொஞ்சம் கார்பார்க்குக்கு வாம்மா. எடை வேணும்."

"என்ன எடை?"

"ஆள் எடை. பின்னால ஒருத்தர் உக்காந்தாத்தான் உரசுது. மாப்பிள்ளைக்கு நைட் ஷிஃப்ட், தூங்கட்டும். நீயே வா."

ரோஷினி அடுப்பை அணைத்தாள். கையிலிருந்த புளி வாசனை போகும்வரை கழுவிவிட்டு லிஃப்டில் இறங்கினாள். புக்கிட் மேராவில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கை ஒட்டியிருந்த பலமாடிக் கார்பார்க்கின் மேல்தளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அதிகம் வண்டிகள் நிற்பதில்லை. வெயிலுக்கு நடுவே தங்கையின் பச்சை ஜீப் மட்டும் தனியாக நின்றது. அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, அதன்மேல் அப்பா மல்லாந்து படுத்திருந்தார். மட்கார்டுக்குள் கைவிளக்கை அடித்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். காலையில் அவள் தேய்த்துக் கொடுத்த சட்டை அது.

ராமலிங்கத்துக்கு எழுபத்து மூன்று வயது. அஞ்சலகக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலைக்காலம் முழுவதையும் முடித்தவர். கார் வாங்கியதில்லை, ஓட்டக் கற்றுக்கொண்டதும் இல்லை. வீட்டில் ஒரு பல்பு போனாலும் ரோஷினியின் கணவன் ஜெய்யைத்தான் கூப்பிடுவார். அப்படிப்பட்டவர், சின்ன மகள் திவ்யதர்ஷினி ஒரு பழைய ஜீப்பை வாங்கியதிலிருந்து யூடியூபே கதி என்று கிடந்தார். சஸ்பென்ஷன், ஆஃப்செட் என்று சாப்பாட்டு மேசையில் பேசினார். போன மாதம் திவ்யா வண்டிக்குப் பெரிய டயர் போட்டாள். அது மேடு பள்ளத்தில் மட்கார்டின் உள்பக்கத்தில் உரச ஆரம்பித்தது. எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பதே அப்பாவுக்கு இப்போது வாழ்க்கையின் பெரிய வேலை.

"வா அக்கா" என்றாள் திவ்யா. கையெல்லாம் வெள்ளையாக இருந்தது. தரையில் ரோஷினியின் கோலமாவு டப்பா திறந்து கிடந்தது. மாவைத் தண்ணீரில் குழைத்து டயர் முழுக்கப் பூசியிருந்தார்கள். உரசும் இடத்தில் வெள்ளை ஒட்டிக்கொள்ளுமாம், அப்பாவின் யோசனையாம். வீட்டில் ஒரு சாமானை எடுத்தாலும் கேட்டுவிட்டு எடுக்கிற மனிதர், சாமி அலமாரியிலிருந்து டப்பாவைக் கேட்காமல் எடுத்து வந்திருந்தார்.

ஜீப்பின் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்க வேண்டியிருந்தது. ரோஷினி குனிந்து நுழைந்து, முழங்கால் இரண்டும் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தாள். முன்சீட்டின் பாக்கெட்டில் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இருந்தது. போன வாரம் வீடு முழுக்க அவள் தேடிய கூடு. திவ்யா வண்டியை மெதுவாக நகர்த்தி, ஒரு பக்கச் சக்கரத்தை ஓரத்துக் கட்டைமேல் ஏற்றினாள். வண்டி சாய்ந்தது. ரோஷினியின் இடுப்புக்குக் கீழே, தகரத்துக்கு அந்தப் பக்கம், ரப்பர் எதிலோ தேய்கிற சத்தம் வந்தது.

"உரசுது, உரசுது" என்றார் அப்பா. குனிந்தபடியே வண்டியோடு நடந்து வந்தார். "நிறுத்து, நிறுத்து. இன்னும் கொஞ்சம் பின்னால வா." அவர் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்குப் புதிதாக இருந்தது. பேரன் பேத்தியைப் பற்றிப் பேசுகிற தாத்தாக்களிடம்தான் அவள் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறாள்.

அவளை இறக்கிவிட்டு வண்டியை இன்னொரு முறை கட்டைமேல் ஏற்றிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. மறுபடி அவளை உட்கார வைத்தார்கள். சத்தம் வந்தது. உள்ளே பிளாஸ்டிக் விளிம்பில் ஒரு வெள்ளைக் கீற்று ஒட்டியிருந்தது. அப்பா எழுந்து, இடுப்பில் கைவைத்து, சின்ன மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா. நாம ரெண்டு பேரு போனா ஒரு பிரச்சினையும் இல்ல. இவ ஏறுனாத்தான் உரசுது."

திவ்யா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பின்சீட்டிலிருந்து வெளியே வரக் காலை நீட்டிக்கொண்டே ரோஷினியும் சிரித்துவைத்தாள்.

மேலே வந்து குழம்பை மறுபடி அடுப்பில் ஏற்றியபோது அந்த வாக்கியமும் கூடவே வந்தது. அவர் எடையைத்தான் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அந்த வாக்கியம் போகவில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா ரோஷினியின் வீட்டுக்கு வந்தார். வந்த அடுத்த வருஷமே நெஞ்சுவலி, ஸ்டென்ட். அன்றிலிருந்து மாத்திரை எடுத்து வைப்பதும், உப்பு குறைத்துச் சமைப்பதும், அவள் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் லீவு மாற்றிக்கொண்டு அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதும் அவள்தான். அவளோடு அவர் பேசுவதெல்லாம் அதைப் பற்றித்தான். மாத்திரை போட்டாச்சு. தண்ணி குடிச்சாச்சு. பாத்ரூம் போனேன். அவள் ஓட்டும் ஜெய்யின் காரில் ஏறினால் மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்சியில் உட்கார்ந்தவர் போலச் சாலையைப் பார்த்துக்கொண்டு வருவார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது திவ்யா பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னாள். "அம்மா வாரா வாரம் தபால் ஆபீஸ் வந்து ஒரே ஒரு ஸ்டாம்ப் வாங்கிட்டுப் போவாங்களாமே. லெட்டர் எழுதவே ஆள் கிடையாதாம், சும்மா அப்பாவப் பாக்கத்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஸ்டாம்ப் இருந்துச்சாம். சோ ஸ்வீட்ல."

அப்பா தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். ரோஷினி பொரித்த மீனைத் திருப்பி வைத்தாள். அம்மாவைக் கடைசி மாதங்களில் குளிப்பாட்டியவள் அவள். தலை வாரிவிட்டவள் அவள். அந்த ஸ்டாம்புக் கதையை அம்மாவும் சொல்லவில்லை, அப்பாவும் சொல்லவில்லை.

"எப்ப சொன்னாரு?" என்று கேட்டாள்.

"வண்டியிலதான். வண்டியில ஏறுனா அப்பா வாய மூடவே மாட்டாரு லா. உனக்குத் தெரியும்தானே."

ரோஷினி தெரியும் என்று தலையாட்டினாள்.

பள்ளி விடுமுறையில் திவ்யாவின் ஜீப் கூட்டாளிகள் எல்லை தாண்டி ஜொகூரில் ஒரு காட்டுப்பாதைக்குப் போவதாக இருந்தார்கள். இரண்டு நாள் பயணம், ஆற்றங்கரையில் ஒரு மரவிடுதியில் தங்கல். அப்பாவும் போவதாக முடிவாகியிருந்தது. ரோஷினியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டரைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். அப்பா சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிவந்து, அதைப் பழக்குவதற்காக வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். காலையில் டக் டக் என்ற அந்தச் சத்தத்தில்தான் அவள் விழித்தாள்.

"நீயும் ஒரு தடவ கூடப் போயிட்டு வாயேன்" என்றான் ஜெய், சட்டையை மாட்டிக்கொண்டே.

"எதுக்கு, பின்னாடி மூட்டை மாதிரி உக்காரவா?"

 ஜெய் பொத்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான்.

பரிசோதனைக்கு அந்தப் புதன்கிழமை போனார்கள். டாக்டர் இளைஞர், சீனர், அப்பாவை அங்கிள் என்று அழைப்பவர். ஈசிஜி எடுக்க நர்ஸ் அப்பாவை அடுத்த அறைக்கு அழைத்துப் போனபோது, அவர் வாசலில் திரும்பி ரோஷினியைப் பார்த்து, கேட்டுவிடு என்பதுபோலக் கண்ணைக் காட்டினார். தானே கேட்கக் கூச்சம். அவள் கேட்டாள். கரடுமுரடான பாதை, ஜீப், இரண்டு நாள் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது டாக்டர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அப்படி எதிர்பார்க்கிற மாதிரிதான் சொன்னாள்.

டாக்டர் சிரித்தார். போன ரிப்போர்ட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, மாத்திரையை மறக்காமல் எடுத்துப் போகட்டும், கனமாக எதையும் தூக்க வேண்டாம், போய் நன்றாக என்ஜாய் பண்ணட்டும் என்றார். தானும் அங்கெல்லாம் மலையேறப் போவதுண்டு என்றார். அப்பா திரும்பி வந்தபோது டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்துத் தலையசைத்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார்.

அங்கிருந்து தேக்காவுக்குப் போனார்கள். பரிசோதனை நாளென்றால் தேக்கா சந்தையில் தோசை சாப்பிடுவது வழக்கம். மதியக் கூட்டம் இன்னும் சேரவில்லை. அப்பா புது பூட்ஸோடு வந்திருந்தார், காலை மேசைக்கு வெளியே நீட்டி உட்கார்ந்திருந்தார். தோசை வந்தது. அவர் ஒரு துண்டைப் பிட்டுச் சட்னியில் தொட்டுக்கொண்டே கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

அதுவரை அவள் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. "வேணாங்கிறாருப்பா" என்று அவள் வாய் சொன்னது. "குலுங்குற ரோடு கூடாதாம். இதயத்துக்கு நல்லதில்லையாம்."

அப்பா பிட்ட துண்டை வாயில் போட்டு மென்றார். "அப்படியா" என்றார். விழுங்கிவிட்டு, "டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். நீட்டியிருந்த காலை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

மாலையில் திவ்யா போன் செய்தாள். அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். "நிஜமாவா அக்கா? அவ்ளோ மோசமாவா இருக்கு?" என்று கேட்டாள். மோசமில்லை, ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறார் என்றாள் ரோஷினி. பொய்யைக் கொஞ்சம் குறைத்தால் அது சிறியதாகிவிடும் என்று தோன்றியது.

"அவருக்காகத்தான் அந்தப் பெரிய டயரே போட்டேன்" என்றாள் திவ்யா. "பழைய டயர்ல ரொம்பத் தூக்கிப் போடும். இது காத்து கொஞ்சம் கம்மியா வச்சா மெத்து மெத்துன்னு போகும்னாங்க. அப்பா முதுகுக்கு நல்லதுன்னு நெனச்சேன்." பிறகு, "பரவால்ல லா. ஹெல்த்தான் முக்கியம். நானும் போகல" என்று வைத்துவிட்டாள்.

முதல் சில நாட்கள் ரோஷினிக்கு இனிமையாகவே இருந்தன. அதை அவள் தனக்குத் தானே மறைத்துக்கொள்ளவில்லை. பூட்ஸ் பெட்டிக்குள் போனது. அப்பா யூடியூப் பார்ப்பதை விட்டுவிட்டார். அவள் வேலையிலிருந்து வரும்போது சோபாவில் உட்கார்ந்திருந்து, "வந்துட்டியா" என்று கேட்டார். இன்றைக்குக் கிளினிக்கில் என்ன விசேஷம் என்றுகூட ஒரு நாள் விசாரித்தார். அவள் ஒரு சின்னப்பெண் பல் பிடுங்கப் பயந்து டாக்டரின் விரலைக் கடித்ததைச் சொன்னாள். அவர் கேட்டுச் சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை திவ்யா வந்தபோது மூவருமாக டிவி பார்த்தார்கள். ஜீப் கீழே நின்றது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பிறகு கேள்விகள் ஆரம்பித்தன. மாடிப்படி ஏறலாமா என்று கேட்டார். துணி காயப்போடும் மூங்கிலைத் தூக்கலாமா என்று கேட்டார். பஸ்ஸில் கடைசி சீட் குலுங்குமே, முன்னால் இடம் இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவா என்று கேட்டார். ஏறலாம்ப்பா, தூக்கலாம்ப்பா, உக்காரலாம்ப்பா என்று அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவர் நம்பாதவர் போலத் தலையாட்டினார். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, சட்டைக்குள் கைவிட்டு நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். தொட்ட கை அங்கேயே கொஞ்ச நேரம் இருக்கும்.

ஒரு நாள் முற்பகல் கிளினிக்கில் அவள் போன் அடித்தது. கீழ்வீட்டு அப்துல் அலீம். அப்பாவோடு காலையில் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேப்பர் பார்க்கிறவர்.

"ரோஷினிம்மா, பயப்படாதீங்க. ராமலிங்கம் நல்லாத்தான் இருக்காரு. ஆனா பெஞ்ச விட்டு எந்திரிக்க மாட்டேங்கிறாரு. நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னாலும் கேக்கல. மக வரட்டுங்கிறாரு."

அவள் டாக்சி பிடித்து வந்தாள். புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் வரைந்த கல்மேசைக்குப் பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முகம் வேர்க்கவில்லை, மூச்சும் சீராக இருந்தது. அலீம் பக்கத்தில் நின்று குடையால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாப்பா?"

"இல்லம்மா." அவர் அவள் கையைப் பிடித்தார். "வேகமா நடந்தா உள்ள குலுங்குதும்மா. குலுங்கக் கூடாதுன்னாருல்ல டாக்டரு. அதான் நீ வந்தப்புறம் மெதுவாப் போகலாம்னு."

கல்மேசையிலிருந்து லிஃப்டுக்கு நடக்கும் தூரம் அதிகமில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிப் பாத்திரத்தைச் சுமப்பவர் போல அவர் அடியெடுத்து வைத்தார். எதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். அப்பா அவளோடு இவ்வளவு நெருக்கமாக எப்போது நடந்தார் என்று அவளுக்கு நினைவில்லை. அவர் விரல்கள் அவள் தோளெலும்பில் அழுந்தின. அவள் ஆசைப்பட்டதெல்லாம் கைக்கு வந்துவிட்டது, அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

அன்று மாலை திவ்யாவுக்குப் போன் செய்தபோது அவள் ஒர்க்‌ஷாப்பில் இருந்தாள். வண்டியை விற்கப் போவதாகவும், அதற்குமுன் உரசலைச் சரிசெய்யக் கொண்டுவந்திருப்பதாகவும் சொன்னாள். ஒர்க்‌ஷாப் புக்கிட் மேராவிலேயே, தொழிற்பேட்டையின் உள்ளே இருந்தது. ரோஷினி நடந்தே போனாள்.

பிரபாகர் என்பவரின் கடை அது. பச்சை ஜீப் லிஃப்டில் உயர்ந்து, சக்கரங்கள் காற்றில் தொங்க நின்றது. அவர் ஒரு ஹீட்கன்னால் மட்கார்டின் உள்பக்கப் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, இளகியதும் மரக்கட்டையால் உள்ளே தள்ளி அழுத்திக்கொண்டிருந்தார். திவ்யா ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பழைய ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு" என்றார் பிரபாகர், ரோஷினிக்கும் சேர்த்து. "பின்னால ஆள் உக்காந்தா வண்டி இறங்கிருது, டயர் மேல போய் இடிக்குது. புது ஸ்பிரிங் போட்டுட்டேன். உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரும் கொஞ்சம் நீளமானது மாத்திருக்கேன். அதுக்கு மேல சக்கரம் ஏறாது. வண்டிய ரொம்பத் தூக்குனா இன்ஸ்பெக்‌ஷன்ல பிடிப்பான், அதனால இவ்ளோதான். இறக்குன உடனே ஒருத்தர் பின்னால உக்காந்தா டெஸ்ட் பண்ணிரலாம்."

"நான் உக்காருறேன்" என்றாள் ரோஷினி.

வண்டி இறங்கிவரும்வரை அவர்கள் வெளியே நின்றார்கள். அவள் தங்கையைப் பார்க்காமல், எதிர்க்கடையில் அடுக்கியிருந்த பழைய பேட்டரிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றாள். போகச் சொன்னார் என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னார் என்றாள்.

திவ்யாவுக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப யாரு வேணாம்னது?"

"நான்தான்."

"ஏன்?"

 பயமாக இருந்தது, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று சொல்லலாம். அதைச் சொல்லித்தான் தன்னிடமே இத்தனை நாள் ஓட்டியிருந்தாள். "உன்கூட இருக்கும்போது அவரு வேற ஆளா இருக்காரு" என்றாள். "எனக்குத் தாங்கல."

திவ்யா அவள் பக்கம் திரும்பினாள். "அவரு நெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு அக்கா. நான் போன வாரம் வீட்டுக்குப் போய் அழுதேன், தெரியுமா? செத்துருவாரோன்னு நெனச்சேன்." குரல் உயரவில்லை. அதனால்தான் ரோஷினியால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"நீ அவர்கிட்ட சொல்லிரு திவ்யா. ப்ளீஸ்."

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் திவ்யா. "நீதான் சொன்ன, நீயே சொல்லு." அவள் சாலையைக் கடந்து போய், எங்கோ ஒரு கடைக்குள் நுழைந்துவிட்டாள்.

பிரபாகர் கூப்பிட்டார். ரோஷினி முன்சீட்டை மடக்கி, குனிந்து நுழைந்து, பின்னால் உட்கார்ந்தாள். அவர் வண்டியை வெளியே எடுத்து, தொழிற்பேட்டை வாசலிலிருந்த வேகத்தடைமேல் மூலைவாக்கில் ஏற்றி இறக்கினார். ஒரு தரம், இன்னொரு தரம். "சத்தம் வருதா சிஸ்டர்?" என்று கேட்டார். அவள் கேட்டுப் பார்த்தாள். வரவில்லை என்றாள்.

அடுத்த நாள் அந்தி நேரத்தில், ஜெய் வேலைக்குக் கிளம்பிய பிறகு, அப்பாவிடம் சொன்னாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பீன்ஸின் நார் உரித்துக்கொண்டிருந்தார். ஏதாவது வேலை கொடு என்று அவரே கேட்டு வாங்கியது. அவள் சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு, அப்படியே சொல்லு" என்றார்.

அவள் டாக்டரின் ஆங்கில வார்த்தைகளை அப்படியே சொன்னாள். என்ஜாய் என்ற சொல்லையும் விடவில்லை.

"சிரிச்சாரா?"

"சிரிச்சாருப்பா."

அப்பா பீன்ஸ் தட்டை ஜன்னல் திட்டில் வைத்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "அலீம் முன்னால உக்காந்திருந்தேனே" என்றார். "நாலு பேரு பாக்க என்னத் தாங்கிக் கூட்டிட்டு வந்தியே."

"அப்பா."

"ஏம்மா அப்படிச் செஞ்ச?"

திவ்யாவிடம் சொல்ல முடிந்ததை அவரிடம் சொல்ல வரவில்லை. ஸ்டாம்புக் கதையை எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்கத்தான் வந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண் கேட்கிற கேள்வியா என்று நினைத்துக்கொண்டே அதைக் கேட்டும்விட்டாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். புரியாதவர் போலத்தான் இருந்தார். "நீ கேட்டதில்லையேம்மா" என்றார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போனார். நடை பழைய வேகத்துக்கு வந்துவிட்டதை அவள் கவனித்தாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

அதற்குப் பிறகு அவர் அவளோடு நேராகப் பேசவில்லை. சண்டை பிடிக்கவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். உப்பு வேண்டுமென்றால் ஜெய்யிடம் சொன்னார். திவ்யா வண்டியை விற்கவில்லை; அப்பாவும் அவளும் போவதென்று மறுபடி முடிவானது. பயணத்துக்கு முந்தின நாள் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "நீயும் வா. காலைல ஆறு மணிக்குக் கீழ நில்லு." ரோஷினி அதை ஜெய்யிடம் காட்டினாள். "போ" என்றான் அவன்.

ஜொகூர் பாலத்தைக் கடக்கும்வரை ஜீப்புக்குள் யாரும் அதிகம் பேசவில்லை. நெடுஞ்சாலையில் ஏறியதும் அப்பா பேச ஆரம்பித்தார். வழியில் தெரிந்த செம்பனைத் தோட்டங்களைப் பற்றி, அந்தக் காலத்து ஜொகூர் பஸ்களைப் பற்றி. எல்லாம் திவ்யாவைப் பார்த்துத்தான். பின்சீட்டிலிருந்து ரோஷினிக்கு அவருடைய பிடரியும் ஒரு காதும் மட்டும் தெரிந்தன. காற்றில் பாதிச் சொற்கள் கலைந்து போயின. அவள் முன்னால் சாய்ந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள். பொறாமை போய்விட்டதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

காட்டுப்பாதைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் மழை பிடித்தது. செம்மண் குழம்பாகி, முன்னால் போன ஒரு வண்டி பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. கயிறு கட்டி இழுக்க ஆள் வேண்டுமென்று திவ்யாவைக் கூப்பிட்டார்கள். அவள் இறங்கி, மழையில் முன்னால் ஓடினாள். பின்னாலிருந்த வண்டிகள் ஒதுங்க இடமில்லாமல் ஹார்ன் அடித்தன. யாரோ, பச்சை ஜீப்பை அந்த மேட்டுப் பக்கமாக நகர்த்துங்கள் என்று மலாயில் கத்தினார்கள். திவ்யா தூரத்திலிருந்து திரும்பி, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங் பிடிப்பது போலக் காட்டி, அக்காவை நோக்கிக் கைநீட்டினாள்.

ரோஷினி ஓட்டும் சீட்டுக்கு மாறினாள். அப்பா கதவைத் திறந்து இறங்கினார். மழைக்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, வண்டியின் முன்பக்கம் சுற்றிப் போய், கொஞ்ச தூரம் தள்ளிப் பாதையின் நடுவில் நின்றார். வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் அவர் தெரிந்தார், மறைந்தார். இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் வேர்கள் புடைத்த மேடு. அவள் இதுவரை தார்ச்சாலையைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. கிளட்ச்சை முழுக்க அழுத்திக் கியரைப் போட்டாள்.

அப்பா குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். வலது கையைத் தூக்கி ஒரு பக்கமாகச் சுழற்றினார். அவள் ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். உள்ளங்கையைக் காட்டினார். நிறுத்தினாள். மழைநீர் அவர் மூக்கு நுனியிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. கோபமா, கவனமா என்று அந்த முகத்தில் அவளால் படிக்க முடியவில்லை. பிறகு அவர் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்து, விரல்களைத் தன் பக்கமாக மடக்கி அழைத்தார்.

"வா" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. "வா, வா."

சேற்றுக்குள் பின்னோக்கி அடியெடுத்து வைத்துக்கொண்டே அவர் அழைத்தார். அவள் கிளட்ச்சை மெல்ல விட்டாள். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேர்களின்மேல் ஏறத் தொடங்கியது.